நான்கு விநாடிக்காக மயிலாப்பூருக்கு

சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியை ஸ்கேனருக்குள் அனுப்பிய அதிகாரி, அதை மறுபடியும் ஒருமுறை அனுப்பினார். பிறகு திறக்கச் சொன்னார். சட்டைகளுக்கு நடுவில் துண்டில் சுற்றி வைத்திருந்த ஷீல்டை வெளியே எடுத்தார். அரை முழ உயரம், பித்தளைத் தகடு, அடியில் கனமான மரக்கட்டை.

"இது என்ன சார்?"

"பரிசு."

"எதுக்குக் குடுத்தாங்க?"

"என்ஜின்ல தீப்பிடிச்ச விமானத்தைப் பத்திரமா இறக்கினதுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது உங்க வேலைதானே சார்?"

முப்பது வருடமாக விமானம் ஓட்டுகிறேன். அந்த ஷீல்டைப் பற்றி இத்தனை சரியாக யாரும் பேசியதில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டு, கலைத்துப் போட்ட சட்டைகளை மடித்து வைத்தேன்.

நான் ஈப்போக்காரன். மலேசியாவில் இரண்டு என்ஜின் வைத்த சின்ன விமானங்களைத் தீவுகளுக்கும் சிறு நகரங்களுக்கும் ஓட்டுபவன். இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. சென்னைக்கு நான்கு நாள் பயணமாக வந்ததற்கு என் மனைவி சொல்லும் காரணம், அவள் தங்கை மகள் கல்யாணத்துக்குப் பதினோரு புடவைகள். என் காரணத்தின் பெயர் வைதேகி.

வைதேகி மயிலாப்பூர்ப் பெண். மூன்று வருடம் எங்கள் நிறுவனத்தில் துணை விமானியாக இருந்தாள். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு காலையில் அவளும் நானும் ஐம்பத்திரண்டு பயணிகளோடு கிளம்பினோம். அன்று ஓட்டியவள் அவள். பக்கத்தில் கருவிகளைக் கவனித்தவன் நான். சக்கரத்தை உள்ளே இழுத்து முடிக்கவில்லை, வலது என்ஜினில் தீ என்று மணி அடித்தது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது எளிது. எரிகிற என்ஜினுக்குப் போகும் எண்ணெயை நிறுத்த வேண்டும். இரண்டு என்ஜினுக்கும் இரண்டு நெம்புகோல்கள், இடதுக்கு ஒன்றாம் எண், வலதுக்கு இரண்டாம் எண், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தவறானதை இழுத்துவிட்டால் நல்ல என்ஜினும் நின்றுபோகும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒருவர் நெம்புகோலில் கை வைத்து, எண்ணைச் சொல்லி, "கன்ஃபர்ம்?" என்று கேட்பார். மற்றவர் பார்த்து, "கன்ஃபர்ம்டு" என்று சொன்ன பிறகே இழுக்க வேண்டும். கேட்பதும் சொல்வதும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். நாளாக நாளாக, கோயிலில் அர்ச்சனைக்குக் கோத்திரம் சொல்வதுபோல வாய்ப்பாடமாகிவிடும்.

"நம்பர் டூ, கன்ஃபர்ம்?" என்று நான் சத்தமாகக் கேட்டேன். வாய் சரியாகத்தான் சொன்னது. கை ஒன்றாம் நெம்புகோலில் இருந்தது.

வைதேகி பதில் சொல்லவில்லை. திரும்பிக் கீழே பார்த்தாள். தன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இரண்டாம் நெம்புகோலுக்கு நகர்த்தினாள். மறுபடியும் பார்த்தாள். அப்புறம்தான் "கன்ஃபர்ம்டு" என்றாள். இழுத்தேன். தீ அணைந்தது. ஒற்றை என்ஜினோடு சுற்றிவந்து இறங்கினோம். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பத்திரிகையில் என் படம் வந்தது. இந்த ஷீல்டு வந்தது. அறிக்கையில் "முறைப்படி இருவரும் சரிபார்த்து என்ஜினை நிறுத்தினோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. நடந்தது மட்டும் அதில் இல்லை.

சில மாதத்தில் வைதேகியின் ஒப்பந்தம் முடிந்தது. அப்பா அம்மாவோடு இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினாள். நம்ப வசதியாக இருந்தது, நம்பினேன்.

போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. சென்னையில் ஒரு விமான நிறுவனம் அவளை வேலைக்கு எடுப்பது பற்றி யோசிக்கிறது. பழைய தலைமை விமானி என்ற முறையில் என் கருத்து வேண்டும். அதற்குக் கடைசி நாள் இந்தப் பயணம் முடியும் மறுநாள், திங்கட்கிழமை. கூடவே எங்கள் நிறுவனத்தில் அவளைப் பற்றி எழுதிய பழைய பயிற்சிக் குறிப்பையும் இணைத்திருந்தார்கள். "அவசர நேரத்தில் பதில் சொல்ல நான்கு விநாடி தாமதம். தலைமை விமானி பொறுப்புக்கு இப்போது தகுதியில்லை." விமானி அறையில் பேசுவதெல்லாம் ஒரு கருவியில் பதிவாகும். என் கேள்வி பதிவாகியிருந்தது. நான்கு விநாடி கழித்து அவள் பதிலும் பதிவாகியிருந்தது. இடையில் நகர்ந்த கை எதிலும் பதிவாகாது.

அன்று இரவே நடந்ததை எல்லாம் கடிதமாகக் கைப்பேசியில் எழுதினேன். எங்கள் நிறுவனத்துக்கு ஒன்று, அவளை எடுக்க யோசிக்கும் நிறுவனத்துக்கு ஒன்று. என் மனைவி படித்துப் பார்த்தாள். "அந்தப் பொண்ணுக்குத் தெரியாம அவ கதையை நீங்க எப்படி அனுப்பலாம்? நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுட்டு அனுப்புங்க" என்றாள். ஐந்து நிமிடம் கழித்துப் புடவைப் பட்டியலோடு வந்தாள்.

முதல் நாள் தி. நகரில் அறை எடுத்துத் தூங்கியதைத் தவிர வேறு வேலை பார்க்கவில்லை. பொய் சொல்லக்கூடாது, இரண்டு முறை பொங்கல் சாப்பிட்டேன். ஈப்போ வெள்ளைக் காப்பிதான் உலகத்தில் உயர்ந்தது என்று இதுவரை பலரிடம் சண்டை போட்டிருக்கிறேன். இங்கே டபராவில் ஆற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, இனி அந்தச் சண்டையில் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை புடவைக் கடை. எட்டு மாடி. ஏழு புடவை வாங்கி, எட்டாவதற்காக லிஃப்டில் ஏறினேன். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் அது நின்றது. விசிறியும் நின்றது. உள்ளே ஒன்பது பேர், துணிப்பைகள் சுமார் முப்பது. ஒருவர் எல்லாப் பொத்தான்களையும் வரிசையாக அமுக்கினார். ஓர் அம்மாள் கதவைத் தட்டத் தொடங்கினார்.

"யாரும் ஒண்ணையும் தொடாதிய!" என்றார் சீருடை போட்ட லிஃப்ட்காரர். நெல்லைக்காரர் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது. "சும்மா நில்லுங்க. மேல மெஷின் ரூம்ல ஆளு இருக்கு. நான் சொல்லுதேன், அவன் இறக்குவான்."

"மூச்சு முட்டுதுங்க" என்றார் அந்த அம்மாள்.

"நல்லா மூச்சு விடுங்க. காத்துக்கு மேல ஓட்டை இருக்கு."

என்னைப் பார்த்து, "நீங்க பயப்படாம நிக்கீயளே, என்ன வேல பாக்கிய?" என்று கேட்டார். பைலட் என்றேன். அத்தனை பேரும் திரும்பினார்கள். "அப்ப நீங்களே இதை ஓட்டுங்க சார்" என்றார் பொத்தான் அமுக்கியவர். சிரிப்பு வந்ததில் தட்டுவது நின்றது. ஏழெட்டு நிமிடத்தில் லிஃப்ட் மெல்ல மூன்றாம் மாடிக்கு இறங்கியது.

உண்மையில் நான் பயந்துதான் இருந்தேன். லிஃப்டுக்காக இல்லை. ஒன்றையும் தொடாதே என்று சொல்ல அந்த மனிதருக்கு வந்த நிதானம், ஐந்து வருடத்துக்கு முன் எனக்கு வரவில்லையே என்று உள்ளே குடைந்தது. மீதி நான்கு புடவையையும் படியேறிப் போய் வாங்கினேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாக வைதேகியிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். ஷீல்டைத் துணிப்பையில் போட்டு ஆட்டோ பிடித்தேன். தேனாம்பேட்டை சிக்னலில் ஆட்டோ இருமி, நின்றுவிட்டது. பின்னால் இருந்த அண்ணா சாலை முழுவதும் எங்களைப் பார்த்து ஹார்ன் அடித்தது. ஈப்போவில் ஹார்ன் அடித்தால் சண்டைக்குக் கூப்பிடுவதாக அர்த்தம். இங்கே நலம் விசாரிக்கிறார்கள்.

ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர். வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஏதோ ஒரு வயரைக் கழற்றித் துடைத்தார். பையிலிருந்து எட்டிப் பார்த்த ஷீல்டில் அவர் கண் விழுந்தது. "இன்னா சார் கப்பு? கேரம் போர்டா?"

விமானம் ஓட்டுகிறவன் என்று சொன்னேன்.

"அப்டியா! நடு வானத்துல வண்டி மக்கர் பண்ணா இன்னா சார் பண்ணுவ? ஓரங்கட்ட முடியாதே?"

அவருக்கு என் பழைய கதை ஒன்றைச் சொன்னேன். சக்கரம் சரியாக இறங்கினால் மூன்று பச்சை விளக்கு எரியும். ஒருநாள் இரண்டுதான் எரிந்தது. ஒரு மணி நேரம் வானத்தில் சுற்றி எண்ணெயைத் தீர்த்தோம். கீழே தீயணைப்பு வண்டிகள், ஆம்புலன்ஸ் எல்லாம் வரிசையாக நின்றன. பயணிகள் தலையைக் குனிந்து சாமி கும்பிட்டார்கள். முட்டை மேல் வைப்பதுபோல இறக்கினேன். மூன்று சக்கரமும் ஒழுங்காகத்தான் இருந்தன. பல்பு ஃபியூஸ் போயிருந்தது.

"ஒரு பல்புக்கா இம்மா கலாட்டா?" என்று அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். வயரை மாட்டினார். வண்டி கிளம்பிவிட்டது. "இதுவும் அப்டித்தான் சார். பெரிய ரிப்பேருன்னு நெனச்சிக்கினு பயந்துடுவோம். வெறும் அழுக்கு கீது, அவ்ளோதான்."

மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த தெருக்களைச் சுற்றி மாட வீதியில் இறங்கினேன். வைதேகியின் வீடு மூன்றாவது மாடி. அடுக்ககத்தின் வாசல் வரை போனேன். படியில் கால் வைத்தேன். அங்கே என் தைரியம் தீர்ந்துபோனது. திரும்பிவிட்டேன்.

தெப்பக்குளத்தை இரண்டு முறை சுற்றினேன். கோயிலுக்குள் போய், எதைக் கேட்பது என்று தெரியாமல் வெளியே வந்தேன். கடைசியில் ஒரு மெஸ் வாசலில் நின்று வைதேகிக்குத் தொலைபேசினேன். வயிறு சரியில்லை, நாளைக்கு வருகிறேன் என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய் முழுச் சாப்பாடு, அதற்கு மேல் ஒரு ரவா தோசை சாப்பிட்டேன். தோசை நன்றாக இருந்தது. என்னைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லை. சாயங்காலம் ஊருக்குத் திரும்ப வேண்டும், மறுநாள் திங்கள். பத்து மணிக்கே போய் மணியை அடித்தேன்.

வைதேகி மாறவில்லை. கண்ணாடி மட்டும் புதிது. இங்கே விமானிப் பயிற்சி மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாளாம். அவள் அப்பா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா ஜானகி பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். இரண்டு பேரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அந்த அம்மா கைகூப்பினார்.

"வாங்கோ வாங்கோ. எங்க கொழந்தையைப் பத்திரமா எறக்கிக் குடுத்தேள். ஒருநாள் நேர்ல பாத்து நமஸ்காரம் சொல்லணும்னு இருந்தேன்."

வைதேகி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்து வருடமாக அவள் வீட்டில்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பதிலுக்குக் கைகூப்பக்கூட என்னால் முடியவில்லை. ஒரு கையில் அந்த ஷீல்டு இருந்தது.

மயிலாப்பூர் வீட்டுச் சாப்பாடு என்று நான் மூன்று வாரமாகக் கனவு கண்டிருந்தேன். இலையில் குழைந்த சாதம், மிளகு ரசம், சுட்ட அப்பளம். அவ்வளவுதான். "வயிறு சரியில்லைன்னேளே, அதான் மிளகு ரசத்தோட நிறுத்திண்டேன்" என்றார் அந்த அம்மா. சமையலறையிலிருந்து கத்திரிக்காய் வதங்கும் வாசனை வந்தது. அது அவர்களுக்கு. பொய்க்குக் கிடைத்ததை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டேன். ரசம் அபாரமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சாப்பிடும்போது வைதேகியின் அப்பா எங்கள் தொழிலைப் பற்றிக் கேட்டார். "வானத்துல கண்ணாடி விரிசல் விட்டா என்ன பண்ணுவேள்?"

"விட்டுதேப்பா, ஒரு தடவை" என்றாள் வைதேகி. "சிலந்தி வலை மாதிரி முழுக்க ஓடிடுத்து. வெளியில ஒண்ணும் தெரியலை. கேப்டன் பாதிச் சாப்பாட்டுல இருந்தார். மூடி வெச்சுட்டு எறக்கினார். எறங்கினதும் மிச்சத்தைச் சாப்பிட்டார்."

நான் சிரித்தேன். அவள் அன்றைக்கும் என்னைப் பெரிய ஆளாகவே காட்டிக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்தோம். அவள் அப்பா காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார். பால்கனிக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏன்னா, கேஸ் மூடியாச்சா?" என்று அந்த அம்மா கணவரைக் கேட்டார்.

அவர் சமையலறையிலிருந்து வந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆச்சு என்று சொல்வார் என்று நினைத்தேன். முனகிக்கொண்டே எழுந்தார். உள்ளே போனார். அங்கிருந்து குரல் வந்தது: "மூடியிருக்கு."

"இப்பத்தானே சார் அங்கிருந்து வந்தீங்க?" என்றேன்.

அந்த அம்மாதான் பதில் சொன்னார். "எங்காத்துல பாக்காம ஆச்சுன்னு சொல்லப்படாது. வைதேகிக்கு எட்டு வயசு இருக்கும். வாசல்ல டாக்ஸி நிக்கறது, கல்யாணத்துக்குக் கும்பகோணம் கெளம்பிண்டிருக்கோம். கேஸ் மூடியாச்சான்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுண்டோம். மூணு பேரும் ஆச்சு ஆச்சுன்னோம். யாரும் மூடலை. பக்கத்தாத்து மாமிக்கு நாத்தம் வந்து, பூட்டை ஒடைச்சு நிறுத்தினா. அன்னிலேர்ந்து இந்த ஆத்துல கேட்டா, எழுந்து போய்க் கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் பதில். இப்பத்தான் வந்தேன்கறதெல்லாம் செல்லாது."

நான் வைதேகியைப் பார்த்தேன். இந்த முறை அவளும் என்னைப் பார்த்தாள்.

"அந்த நாலு விநாடி?" என்றேன்.

"நீங்க கேட்டீங்க கேப்டன். நான் பார்த்தேன்" என்றாள்.

அன்றைக்கே இருபத்தைந்து வருடப் பயிற்சியும், இத்தனை தேர்வும், தோளில் கேப்டனுக்குரிய நான்கு பட்டையும் வைத்திருந்த நான் பார்க்காமல் கை வைத்தேன். ஐம்பத்திரண்டு பயணிகளும் நாங்களும் உயிரோடு இருப்பதற்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் இந்தச் சமையலறை. அதன் வாசலில் உட்கார்ந்து நன்றியை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தவறான நெம்புகோல், அவள் கை, அறிக்கை, பயிற்சிக் குறிப்பில் இருக்கும் அந்த வரி. "உங்க பொண்ணை நான் இறக்கலைம்மா. எங்க எல்லாரையும் அவதான் இறக்கினா" என்றேன்.

அந்த அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ அஞ்சு வருஷமா எங்க கொழந்தை மந்தம்னு ஒரு காயிதத்துல எழுதி வெச்சிருக்கா. நீங்க பாத்துண்டு இருந்தேள்."

"ஜானகி, விடு" என்றார் வைதேகியின் அப்பா.

"எதை விடறது?" என்று அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன.

"நீ ஏன் யாருகிட்டயும் சொல்லலை?" என்று வைதேகியைக் கேட்டேன்.

"நீங்க எழுதுவீங்கன்னு நினைச்சேன்." அவள் குரல் உயரவில்லை. "முதல் வருஷம் முழுக்க நினைச்சேன். அப்புறம் நான் சொன்னா யார் நம்புவாங்க? ரெகார்டிங்ல நான் சும்மா இருந்தேன்னுதானே இருக்கு."

மன்னிச்சிடு என்றேன். அவள் தலையை அசைத்தாள். மன்னித்தாளா, கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. பையிலிருந்து ஷீல்டை எடுத்து அவள் முன் வைத்தேன்.

"இதுல உங்க பேர்தானே கேப்டன் இருக்கு, நான் வெச்சுண்டு என்ன பண்றது?" என்று தூக்கிப் பார்த்தாள். "நல்ல கனம்." எழுந்து போய், அடித்துக்கொண்டிருந்த பால்கனிக் கதவுக்கு அதை முட்டுக் கொடுத்தாள். கதவு நின்றது. அவள் அப்பா மட்டும் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நானும் சிரித்தேன். அந்த ஷீல்டு உருப்படியாகச் செய்த முதல் வேலை அது.

கைப்பேசியில் இருந்த கடிதத்தை அவளிடம் நீட்டினேன். "படி. நீ சொன்னாத்தான் அனுப்புவேன்."

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். தொடக்கத்துக்குத் திரும்பி மறுபடியும் படித்தாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள். "'என் கையைத் தட்டிவிட்டாள்'னு எழுதியிருக்கீங்க. தட்டலை. நகர்த்தினேன்." திருத்தினேன். "இதை அனுப்பினா உங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"விசாரிப்பாங்க. கடைசி எட்டு மாசம் ஓட்ட விடுவாங்களா தெரியலை. பிரிவு விழாவுல இந்த ஷீல்டு கதையைச் சொல்ல மாட்டாங்க." சொன்னபோது பயம் இருந்தது. அதைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. "கன்ஃபர்ம்?" என்றேன்.

அவள் இன்னொரு முறை திரையைப் பார்த்தாள். "கன்ஃபர்ம்டு."

அமுக்கினேன். இரண்டு கடிதமும் போய்விட்டன. கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, ஐந்து வருடமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டேன்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அனுப்பியாச்சா?"

"ஆ..." என்று வாயைத் திறந்தேன். வைதேகியும் அவள் அப்பாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடினேன். பையிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன்.

போகவில்லை. இரண்டு கடிதமும் அப்படியே காத்துக்கொண்டிருந்தன. கூடத்தில் சிக்னல் இல்லை.

எழுந்து, ஷீல்டைத் தாண்டிப் பால்கனிக்குப் போனேன். எதிரே கபாலி கோயில் கோபுரம் வெயிலில் நின்றது. கைப்பேசியை உயர்த்திப் பிடித்தேன். ஒரு கோடு வந்தது, இரண்டு வந்தது. முதல் கடிதம் போனது. சற்றுப் பொறுத்து இரண்டாவதும் போனது. அனுப்பிய அஞ்சல்களின் பட்டியலைத் திறந்து, இரண்டும் இருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன்.

உள்ளே வந்து சமையலறை வாசலில் நின்றேன். "போயிடுச்சும்மா" என்றேன்.

"பாத்தேளா?"

"பார்த்தேன்."

அந்த அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு, கழுவி வைத்திருந்த டபராவை எடுத்தார். "சரி, உக்காருங்கோ. இன்னொரு வாய் காபி கலக்கறேன்" என்று அடுப்பைப் பற்ற வைத்தார்.